அடிச்சத்தம் சரியாகக் கேட்கும் இடம்

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
அதில் கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை,
ஜெயரூபியின் தையல் மெசின்.
மிச்சமிருந்த தரையில்
இரண்டு சோடி ஸ்பீக்கர்.

ஒன்று, தொரை பங்களாவைக் காலி செய்த அன்று
கிங்ஸ்லி ஏலத்தில் எடுத்துத் தந்தது.
மரப்பெட்டி. முகத்துணியில் எலி கடித்த ஓட்டை.
தூக்கினால் இடுப்பு பேசும்.
மற்றது அட்டன் கடையில் தவணைக்கு வாங்கியது.
கறுப்பு பிளாஸ்டிக், நீல வெளிச்சம்.
அதன் முதுகில் அச்சடித்த வாட் கணக்கு
எங்கள் லயத்து பல்புகளை எல்லாம் கூட்டினாலும் வராது.

ஒன்று இருக்கட்டும், ஒன்று போகட்டும்
என்றுவிட்டாள் ஜெயரூபி.
கால் நீட்ட அவளுக்கும் இடம் வேண்டும்.

சோதிக்கப் பாட்டு எடுக்கவில்லை.
அந்தப் பாட்டு பாடின அறையில் நான் இருந்தேனா?
மாசியில், காமன் பொட்டலில்
நானே போனில் பிடித்த தப்புச் சத்தம்:
மூன்று நிமிடம், இடையில் ஒரு நாய்.
அது எப்படி இருந்தது என்பதற்கு
என் காதே சாட்சி.

முதலில் மூலைகளில் வைத்தேன்.
மூலையைக் கண்டதும் புதியது
சுவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு முழங்கியது.
அலுமாரிக் கண்ணாடி நடுங்க
கூரைத் தகரத்தில் ஓர் ஆணி
தன் பங்குக்குப் பாடியது.
"நல்லாத்தானே இருக்கு" என்றான் கிங்ஸ்லி.
இருந்தது.
ஆனால் தப்பு எங்கே?
உருண்டது வெறும் பீப்பாய்.

சுவரைவிட்டு ஒரு முழம் இழுத்தேன்,
பீப்பாய் இளைத்தது.
இன்னொரு முழம்,
தோல் தெரிந்தது, நெருப்பில் காய்ச்சிய தோல்.
அரிசி மூட்டையை மூலைக்குத் தள்ளினேன்.
எதிரொலி அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.
கொடிக்கயிற்றால் பெட்டிக்கும் காதுக்கும் அளந்தேன்.
கட்டிலில் உட்கார்ந்தால் அடிச்சத்தம் மலை,
நடுவில் நின்றால் பள்ளம்.
ஒரு காம்பராவுக்குள் இத்தனை மேடு பள்ளமா?
கொழுந்தெடுக்கும் மலையே தேவலை.

சுவரில் மூன்று தட்டு.

பக்கத்துக் காம்பரா தனுஷ்கோடி.
பெக்டரியில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்.
திட்டப்போகிறார் என்று நிறுத்தினேன்.
கூரையைத் தொடாமல் நின்றுவிட்ட சுவரின் மேலாக
தூக்கம் கலையாத குரல் இறங்கியது:
"அந்தப் பழசையே போடு.
புதுசுல என் சிம்புக் குச்சிய காணோம்."

அப்போதுதான் உறைத்தது.
அன்று அடித்ததே அவர்தான்.
தடித்த குச்சி எந்தப் பெட்டியிலும் பிழைத்துக்கொள்ளும்.
மெல்லிய குச்சி
இரண்டு அடிக்கு நடுவே, தோலின் ஓரத்தில்
கிள்ளிவிட்டுப் போகுமே ஒரு சில்லு,
அது எலி கடித்த துணி வழியாகத்தான் வந்தது.

அரைமணி நேரம்
பார்க்காமலே பெட்டிகளை நகர்த்தினார்.
"வாசப் பக்கம் கொஞ்சம்.
ஐயோ, ரொம்பப் போயிருச்சு.
கழுத்தத் திருப்பு, கழுத்த."
"இப்ப சரியா?" என்றேன்.
குறட்டைதான் பதில்.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
மஸ்கெலியா மழைக்கு முன்னால்
எல்லாப் பெட்டியும் ஒன்று.
தகரத்தைவிடப் பெரிய ஸ்பீக்கர்
இந்த மலையில் யாரிடமும் இல்லை.

புதியதை மீதித் தவணையோடு சேர்த்து
கிங்ஸ்லி ஆட்டோவில் ஏற்றிப் போனான்.
தங்கச்சி கல்யாணத்துக்கு, திறந்த வெளியில்,
மூலையே இல்லாத இடத்தில்
அது என்ன பேசும் என்று கேட்க
எனக்கும் ஆசைதான்.

கடைசியில் கண்டுபிடித்தேன்.
உட்காரச் சரியான இடம் இந்தக் காம்பராவில் இல்லை.
நிற்க ஒன்று இருக்கிறது: கதவு நிலை.
ஒரு கால் சிமெந்தில், ஒரு கால் பனியில்.
பெரட்டுக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள்,
"யாரும் வாராங்களா?"
"இல்ல, இங்க நின்னாத்தான் கேக்குது."

தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.
ஆறரைக்கு வேலை முடிந்து
தேயிலைத் தூள் படிந்த புருவத்தோடு வருகிறார் தனுஷ்கோடி.
கேட்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.
"கொஞ்சம் தள்ளு" என்கிறார்.