ஐந்தாம் கேள்வி

மாங்குளத்தில் மல்லாவி பஸ்ஸுக்கு நிற்கையில்
பையிலிருந்த பதினான்கு கேள்விகளையும்
இன்னொருமுறை வாசித்தேன்.
கொழும்பில் ஒருவர் தமிழாக்கியது.
மூலத்தைப் பாராத இன்னொருவர்
திரும்ப ஆங்கிலமாக்கியது.
இரண்டும் பொருந்தின என்று கையெழுத்து இருந்தது.

பல் கிளினிக் வாங்கில் பன்னிரண்டு பேர்.
"கடந்த பன்னிரண்டு மாதங்களில்" என்று தொடங்கினேன்.
"எதிலயிருந்து பிள்ளை?" என்றார் பூலோகசிங்கம்.
போன காலபோகம் வெட்டினதிலிருந்து.
"அப்பிடிக் கேளன்."
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: வெட்டினதிலிருந்து.

கச்சான் சப்பேலுமோ என்று படிவத்தில் இல்லை.
உணவு உட்கொள்ளுதல் அசௌகரியமாக இருந்ததா என்றிருக்கிறது.
இங்கே யாரும் உணவு உட்கொள்வதில்லை.
சோறு சாப்பிடுகிறார்கள்,
ஒரு பக்கத்தால்.

ஐந்தாவது:
பற்கள் காரணமாகக் கூச்சம் அடைந்திருக்கிறீர்களா?
"ஓம்" என்றாள் தவமலர். "மிக அடிக்கடி.
ஐஸ்பழம் கடிச்சா உச்சந்தலை மட்டும் கூசும்."
அடுத்தவருக்குக் கிணற்றுத் தண்ணி கூசியது.
அவருக்கு அடுத்தவருக்குப் புளி.
கிழமை முடிய எண்ணிப் பார்த்தேன்.
வெட்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு
நாற்பத்தொரு பேர்
தண்ணீரால் பதில் சொல்லியிருந்தார்கள்.
அல்பா மிக அழகாக வந்திருந்தது.

வேறு சொல் போடுங்கள் என்றார் பேராசிரியர், தொலைபேசியில்.
வெட்கம் போட்டேன்.
"எனக்கென்ன வெக்கம், நான் களவெடுத்தனானோ"
என்று எழும்பிப் போனார் ஒரு அம்மா,
வரிசை இலக்கத்தையும் வாங்கிலேயே விட்டுவிட்டு.
சங்கடம் போட்டேன்.
"அது பல்லாலதான் எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?"
யோகபுரத்து நல்லநாதன். தாடையில் பழைய தையல்.
"பல்லை மட்டுமோ கேக்கிறீர்?"
ஓம் ஐயா, பல்லை மட்டும்.
கனநேரம் யோசித்தார்.
"அப்பச் சிலவேளை எண்டு போடும்."
இரண்டு புள்ளி.

பதினைந்தாம் நாள் அதே ஆட்கள், அதே கேள்விகள்.
பதில் மாறாதிருந்தால் படிவத்தை நம்பலாம்.
நோவு இருந்ததா?
போனமுறை "அடிக்கடி" என்ற பூலோகசிங்கம்
இம்முறை "ஒருபோதும் இல்லை" என்றார்.
வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ என்றேன்.
சட்டைப்பையிலிருந்து பேப்பர் சுருளொன்றை எடுத்து விரித்தார்.
கடைவாய்ப் பல்.
சைக்கிள் கடைக் குறட்டால் தானே இழுத்ததாம்.
நம்பகத்தன்மை கொஞ்சம் இறங்கியது.

தவமலரிடம் ஐந்தாவதை
அந்த மூன்று சொல்லும் இல்லாமல் கேட்டேன்:
ஆக்களுக்கு முன்னால வாய் திறக்க யோசிக்கிறனீங்களோ?
"சீச்சீ, இல்லை" என்றாள்,
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு.

ஒருபோதும் இல்லை. பூச்சியத்தைச் சுற்றி வட்டமிட்டேன்.
ஒன்பதாம் கேள்விவரை அந்தக் கை இறங்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: கை.

இதற்கு எந்தப் பெட்டி என்று
தரவு ஏற்றுகிற பொடியன் நாளைக்குக் கேட்பான்.