கறுக்காத காப்பு

பாட்டுப் போடத்தான் ஸ்பீக்கரை அமத்தினேன்.
புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது;
போன மாதம் கீழ்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு
ஒரு மாலை இரவல் போய் வந்தது.
"கனெக்டட்" என்றது.
என் போன் மேசையில் சும்மா கிடந்தது.

பிறகு ஓர் ஆண்குரல், ஸ்காபரோவிலிருந்து,
என் பருப்புச் சட்டிக்கு மேலால்:
"அண்ணா, அண்ணியின்ர காப்பை அடகு வச்சதை
இன்னும் அவவுக்குச் சொல்லேல்லையோ?
கவரிங் எத்தனை நாளைக்குக் கறுக்காமல் கிடக்கும்?"

கீழே பல்கனியில் பத்மசீலன்
"ஹலோ... ஹலோ... கேக்கேல்லையடா" என்று
கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

வாய் உள்ள இந்தப் பெட்டிக்குக் காதும் உண்டு.
அடுப்பை நூர்த்தேன். மூச்சைக்கூடத்
தவணை முறையில் விட்டேன்.
"அண்ணா? ஆர் அது, பக்கத்தில?"
பொத்தானைத் தேடி விரல்கள் தடுமாறின.

நாலாம் மாடி கேட்கும் என்று
தொலைபேசியில் ஊர்ப்பெயரையே விழுங்கிய ஆட்கள் நாங்கள்.
மாமா வருகிறார் என்றால் அது மாமா இல்லை,
காய்ச்சல் என்றால் காய்ச்சல் இல்லை.
இப்போது ஐந்தாம் மாடியில் நின்று
நாலாம் மாடியை நான் கேட்டுவிட்டேன்.
சீருடை இல்லை. கையில் ஓர் அகப்பை.

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்பார்
எங்கள் கந்தோர் அதிகாரி.
பத்மசீலன் களவெடுத்தவரில்லை.
ஏன் அடகு வைத்தார், எனக்குத் தெரியாது,
தெரியவேண்டியதும் இல்லை.
எந்த இரவில், எந்தச் சொல்லில்,
சோறு போட முன்னமா, கை கழுவின பிறகா,
அவர் தன் மனைவிக்கென்று
இன்னும் அடுக்கிக்கொண்டிருந்த வசனம் அது.
அவளுக்கு முந்தி என்னிடம் வந்துவிட்டது.

மறுநாள் லிஃப்டில் சிவகௌரி.
கண் தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று.
"என்ன பாக்கிறியள்? கலியாணக் காப்பு. ரெண்டு பவுண்."
"வடிவாயிருக்கு" என்றேன்.
மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.
ஒருவரும் ஏறவில்லை.

பத்து விநாடி அமத்திப் பிடித்தால்
ஸ்பீக்கர் எல்லோரையும் மறந்துவிடும் என்று
பெட்டியில் எழுதியிருந்தது.
பிடித்தேன். அது மறந்துவிட்டது.

அன்று பின்னேரம்
அக்காவுக்குச் சொல்ல என்னிடமும் ஒன்று இருந்தது.
வெள்ளவத்தைத் தண்டவாளத்தடிக்கு நடந்து போய்
பாணந்துறை ரயில் வரும்வரை நின்று
அந்த இரைச்சலுக்குள் சொன்னேன்.

"கேக்கேல்லை" என்றாள் அக்கா.
"திருப்பிச் சொல்லு."