வாய் விளிம்பு

ஆறரைக்கே தருமபுரச் சந்தியில் நின்றாள் பிறேமிளா,
மலையேறுகிற சப்பாத்தோடு.
எந்த மலைக்கு என்று நான் கேட்கவில்லை.
நான் பார்த்து வளர்ந்த உயரம்
கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கிதான்,
அதுவும் ஒருக்கால் விழுந்து கிடந்தது.

சின்னம்மாவின் மச்சாளின் மகள்.
ஐஸ்லாந்தில் எரிமலையோடு வேலை.
எனக்கு எட்டு வருசம் கண்ணிவெடியோடு.
"உங்கடை வேலைதான் ஆபத்து" என்று
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிப்போட்டு
கல்லாறு மட்டும் பேசாமல் போனோம்.

சுண்டிக்குளப் பூங்காவில் பதிவுப் புத்தகம்.
வந்த நோக்கம் என்ற இடத்தில்
'நடை' என்று எழுதினாள்.
காவலர் அதை ரெண்டுதரம் வாசித்தார்.

உமிரி சிவந்து கிடந்த வெளி.
பூநாரை போய்விட்டது, நாங்கள் பிந்திவிட்டோம்.
கொஞ்சம் கூழைக்கடா, சேற்றில் ஒரு எருமை.
அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்:
அங்கே பாதையோரம் கயிறு கட்டியிருக்கும்,
கயிற்றுக்கு அங்கால் புல் நல்ல பச்சை,
கால் வைத்தால் அவிந்துபோகும்.
"எங்களுக்கும் கயிறுதான்" என்றேன்,
"பிறகு சிவப்புத் தடி.
புல் இங்கேயும் பச்சைதான்."

பாலை மரம் தாண்ட அந்தக் குழி.
வட்டமாய்த் தண்ணீர், ஒரு ஆமை.
ஒன்றும் கேளாமல் விளிம்பைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்,
வாய்க்குள் எண்ணியபடி.
அவள் அடி பதிந்த இடத்திலேயே
நான் அடி வைத்துப் போனேன். அவரவர் தொழில்.

"நாற்பத்தொரு அடி. வாய் சின்னன்தான்,
விளிம்பு வடிவாய் நிற்குது. எப்ப வெடிச்சது?"
கேட்டபிறகுதான் கேட்டது விளங்கி
கையால் வாயைப் பொத்தினாள்.

மாசியில், ஒரு வியாழன், பத்து மணிபோல.

பிறகு கனநேரம் கழித்துச் சொன்னாள்,
பத்தாயிரம் வருசம் அசையாமல் கிடந்தாலும்
செத்தது என்று எழுதத் தங்களுக்குக் கை வராதாம்.
உறக்கம் என்றுதான் எழுதுவார்களாம்.
நாங்கள் 'விடுவிக்கப்பட்ட நிலம்' என்று எழுதுவோம்.
கையெழுத்து வைத்ததும்
அந்த நிலத்தில் முதலில் நடக்கிறது நாங்கள்தான்,
பக்கம் பக்கமாய், குதி அழுத்தி.

பையில் இருந்து கம்பிபோல ஒன்றை எடுத்து
மண்ணுக்குள் குத்தினாள்.
எனக்கு ஒருக்கால் மூச்சு நின்றது.
"முப்பத்திநாலு" என்றாள்.
அப்ப?
"அப்ப ஒண்டுமில்லை. வெயில்."

பிட்டுப் பார்சலை விளிம்பிலேயே அவிழ்த்தோம்.
சம்பல் எரித்தது, அவளுக்குக் கண்ணீர் வர
ஆமை எட்டிப் பார்த்து அமிழ்ந்தது.

பிறகு எழும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு,
பற்றைக்கு அங்கால் போகலாமோ என்றாள், அவசரமாம்.

தடி இல்லை. கயிறு இல்லை.
நாலு வருசத்துக்கு முன் என் கையெழுத்து.

போ, என்றேன்.

பற்றைக்குள் சப்பாத்துச் சத்தம்.
பதினேழு, பதினெட்டு,
பத்தொன்பது.