நானூற்று ஐம்பத்திரண்டு

ஒஸ்ட்ராவாவில் ஜனவரி.
பெட்டியின் கைப்பிடி கையுறையோடு ஒட்டிக்கொண்டது.
உள்ளே வெல்வெட்டில் ஐந்து எஃகு வட்டுகள்,
விளிம்பில் அதனதன் எண்.
அந்த எண்களோடு யாரும் வாதாடுவதில்லை.

ரயில் அச்சு செய்யும் ஆலை. சோதனை அறை.
ஒதாகர் காபி ஊற்றினார்.
"வருடாவருடம் வருகிறீர்கள், வருடாவருடம் பாஸ்.
பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடலாம்."

வைரக் கூர் இறங்குகிறது.
முப்பது கிலோ. பன்னிரண்டு நொடி.
நுண்ணோக்கியில் பார்த்தால் சதுரமாய் ஒரு பள்ளம்,
அதன் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும்.
எங்கள் தொழிலில் காயத்தைத்தான் அளக்கிறோம்.
காயம் சிறிதென்றால் பொருள் கெட்டி.

வட்டு சொல்வது 452.
எந்திரம் சொன்னது 481.

தள்ளி வைத்து மறுபடி அழுத்தினேன்.
பக்கத்திலேயே அழுத்தக் கூடாது:
அடிபட்ட இடத்தைச் சுற்றி எஃகு இறுகியிருக்கும்,
அங்கே கேட்டால் கூட்டிச் சொல்லும்.
483.
இன்னொரு ஓரம். 480.

"வட்டு பழசோ?"
புதுசு. நவம்பரில் வந்தது,
உறையின் எண்ணெய் இன்னும் விரலில் மணக்கிறது.

பின்மூடியைக் கழற்றினேன்.
நெம்புகோல் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது,
உரசிய இடம் மட்டும் பளபளவென்று.
முப்பது கிலோ வைரம்வரை வந்து சேரவேயில்லை.
மெல்ல அழுத்திவிட்டு
எல்லாவற்றையும் கெட்டி, கெட்டி என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
நல்ல மனிதர்களைப் போல.

"எப்போதிலிருந்து?"
ஒதாகர் காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரை இல்லை.
அலமாரிப் பக்கமிருந்து லிபுஷெதான் சொன்னாள்:
"ஏப்ரலில் ஃபோர்க்லிஃப்ட் இடித்ததே.
அதற்குப் பிறகு ஒரு தண்டுகூடத் தள்ளுபடி ஆகவில்லை.
நாங்கள் கேக் வெட்டினோம்."

பதிவேட்டைக் கேட்டேன்.
காலைச் சரிபார்ப்புக் கட்டங்களில்
ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு,
ஒன்பது மாதமாக
452
452
452.

ஜன்னலுக்கு வெளியே சரக்கு வண்டி ஒன்று
போய்க்கொண்டே இருந்தது.
கடைசிப் பெட்டி போகட்டும் என்று
மூவரும் பேசாமல் நின்றோம்.

பச்சை வில்லையைச் சுரண்டினேன், பாதிதான் வந்தது.
அதன்மேலேயே சிவப்பை ஒட்டினேன்.

ஒதாகர் தொலைபேசியை எடுத்தார். வைத்தார்.
என் வட்டின்மேல் கட்டைவிரலை வைத்து
நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.
ரேகை மட்டும் நின்றது.

துணியால் அதைத் துடைத்தேன்,
வட்டைப் பெட்டியில் வைத்தேன்.
அவர் மறுபடி தொலைபேசியை எடுத்தார்.