எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

அப்பாவின் கருவிப்பையிலிருந்தே டேப்பை எடுத்து
அப்பாவின் பரிசுக்கு இடம் அளந்தேன்.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருபத்திரண்டு அங்குலம்.
பீரோவைத் திறந்தால் பதினொன்று.
ட்ரெட்மில் வேண்டுமானால்
அம்மா நின்றுகொண்டே தூங்க வேண்டும்.

செல்வின் மஸ்கட்டிலிருந்து எட்டாயிரம் அனுப்பியிருந்தான்,
கூடவே ஒரு வாய்ஸ் நோட்:
நல்லதா வாங்கு, துணி காயப்போடுற சாமான் ஆயிடக் கூடாது.
மேல்வீட்டு தேஷ்முக் வாங்கிய சைக்கிளில்
மூன்று மழைக்காலமாகப்
பள்ளிச் சீருடைகள்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

சயான் கடையில் ஜிக்னேஷ் என்ற பையன்
அப்பாவுக்கு என்ன வேலை என்றான்.
லிஃப்ட் ரிப்பேர்.
ஸ்டெப்பர் நல்லது மேடம், படி ஏறுகிற மாதிரியே இருக்கும்.
லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.
மெஷின் ரூம் மொட்டைமாடியில்.
எப்படிப் போவார் என்று நினைக்கிறாய்?
ஜிக்னேஷ் ஸ்டெப்பரை மெதுவாகப் பின்னால் தள்ளினான்.

கதவுச்சட்டத்தில் மாட்டித் தொங்கும் கம்பி காட்டினான்.
தாணே வரைக்கும் தினமும் தொங்கிக்கொண்டுதான் போகிறார்.
ரப்பர் பட்டையை அப்பா பார்த்தால்
எந்த மோட்டாருக்கு பெல்ட் என்பார்.
டம்பெல்லுக்கு அம்மா சந்தோஷப்படுவாள்,
காற்றில் கதவு அடிக்காது.

அப்புறம் எதற்கு அவருக்கு எக்சர்சைஸ்?
நியாயமான கேள்விதான்.
ஏறி ஏறித் தேய்ந்த முட்டி,
டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துச் சொன்னது:
ஏறுவது வேலை, அது கணக்கில் வராது.
உட்கார்ந்தபடி, எடை போடாமல், தினம் அரைமணி.
ஐந்தரைக்குப் போய்ப் பத்துக்கு வருகிறவருக்கு
அந்த அரைமணி எந்த ராக்கில் இருக்கிறது என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

கடைசியில் வாங்கியது
சைக்கிளே இல்லாத இரண்டு பெடல்.
நாற்காலிக்கு முன்னால் வைத்து மிதிக்க வேண்டும்.
சுற்றுகளை எண்ண ஒரு சின்னத் திரை.
ஆயிரத்துத் தொள்ளாயிரம், பேட்டரி சேர்த்து.

அப்பா பிரித்துப் பார்த்தார்.
நிஜமாகவே, ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்துப் பிரித்தார்.
க்ரீஸ் பூசி மூடினார். நல்ல பேரிங், என்றார்.
அதோடு சரி.
மூன்று வாரம் கழித்துத் திரையில் நான்கு இருந்தது.
அந்த நான்கும் நான் சுற்றியவை.

ஜூலையில் ஒரு ராத்திரி, பவாயில் மின்சாரம் போய்
எட்டாவது மாடிக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
டியூஷன் முடிந்து வந்த ஒரு சிறுமி, தனியாக.
சதாமை பைக்கில் அனுப்பிவிட்டு
லிஃப்டில் ஒட்டியிருக்கிற நம்பருக்கு வந்த அந்தக் குரலோடு
அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.
அவருடைய இந்தியில் எல்லோருமே ஆண்பால்.
பயப்படாதேடா ராஜா என்கிற மாதிரி ஏதோ சொல்ல,
அவள் அழுகைக்கு நடுவிலும் திருத்தினாள்.
சரி, நீயே சொல்லிக்கொடு, என்றார் அப்பா.
கயிறு அறுந்துவிடுமா, அங்கிள்?
ஆறு கயிறு இருக்கு. ஒண்ணே போதும்.

குரல், ஆறுகிற டீ மாதிரி நிதானமாக.
மேசைக்கு அடியில்தான் ஏதோ சத்தம்.
முதலில் மிக்ஸியோ என்று நினைத்தேன், கரண்ட் இருந்ததால்.
குனிந்து பார்த்தால்
பெடல் மேல் அப்பாவின் கால்கள்,
லுங்கி முட்டிக்கு மேல் ஏறியிருக்க,
கடைசி லோக்கலைப் பிடிக்கிறவன் மாதிரி.
அவள் விம்மும்போதெல்லாம் வேகம் கூடியது.
அம்மா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

இருபத்தாறு நிமிஷம்.
போனுக்குள் இரும்பு உரசி, சதாமின் குரல் கேட்டு,
யாரோ ஒரு அம்மா ஓவென்று அழுது,
லைன் போனது.
கால்கள் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றின,
அணைத்த ஃபேன் மாதிரி.
தண்ணி குடு, என்றார்.
ஏன் இப்படி வேர்க்குது, மழை விட்டுடுச்சா?

திரையில் ஆயிரத்து எழுநூற்று முப்பது.
அவர் அதைப் பார்க்கவில்லை. நான் அழிக்கவில்லை.

செல்வின் கேட்டான்: அப்பா ஓட்டுறாரா?
ஓட்டுறார்.
தினமுமா?
யாராவது மாட்டிக்கிட்டா.