இரண்டு முறை தோண்டிய குழி

தேரி மண்ணில் குழி நிற்காது.
மூன்றடி போனதும் பக்கம் சரியும்.
பலகை கொடுத்து, தண்ணீர் தெளித்து,
கெஞ்சித்தான் ஆறடி வாங்க வேண்டும்.
எலீம்விளைக் கோயிலுக்கு மணி அடிப்பதும் நான்,
குழி வெட்டுவதும் நான்.
பத்தொன்பது வருஷத்தில் யாருக்கும்
ஓரடி குறைத்ததில்லை.

இன்று ஆசீர்வாதத்துக்கு.

நம்பியாற்றை லாரி லாரியாக விற்றவன்.
விளக்கணைத்து ஓடிய அவன் லாரி ஒன்று
விடியக்காலம் சைக்கிளில் வந்த என் தம்பி
கனிராஜை உவரி ரோட்டில் தேய்த்துப் போனது.
சாட்சி மூன்று பேர். மூவர் வீட்டுக்கும்
அந்த வருஷமே காங்கிரீட் கூரை.
அடுத்த அசனத்துக்கு ஆசீர்வாதம்
ஏழு மூட்டை அரிசி கொடுத்தான்.
நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.
அந்தச் சோறு செரித்துவிட்டதுதான்
இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து சொந்தமாக ஒரு நரகம் வளர்த்தேன்.
படுக்கும்போது கொஞ்சம் விறகு,
எழும்பும்போது கொஞ்சம்.
கருவாடு சுடுவதுபோல அவனைத்
திருப்பித் திருப்பிப் போட்டேன்.

பலகை பிடிக்க வந்த தவமணி வாத்தியார் சொன்னார்:
"முடிவே கிடையாதுடே. ஆயிரம் வருஷம் கழிஞ்சாலும்
மொத நிமிஷம் மாதிரியே இருக்கும்."
சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தார்.

தண்ணீர்க் குடத்தை இறக்கினாள் எஸ்தர் பாக்கியம்.
சிப்பிக் காளவாசலில் முப்பது வருஷம் வெந்து
புருவம் முளைக்காமல் போனவள்.
"தீய எனக்குத் தெரியும் சார்.
உள்ள போனது எதுவும் போன மாதிரி கெடக்காது.
சிப்பி போனா நீறு வரும்.
ஓலை போனா ஒண்ணுமே வராது.
எரிஞ்சுகிட்டே இருக்கணும், எரிஞ்சும் முடியக் கூடாது,
அப்படி ஒரு சாமான நான் எந்தச் சூளையிலயும் பாக்கல."
வாத்தியார் ஒரு வசனம் எடுத்தார்.
அவளும் ஒன்று எடுத்தாள்.
"நீ சொல்லுடே" என்றார் வாத்தியார்.

குழிக்குள் கழுத்தளவு நின்றேன்.
என்ன சொல்ல?
அவன் ஓலையாகி ஒன்றுமில்லாமல் போய்விட்டால்
கனிராஜுக்கு ஆன கணக்கை
யார் யாரிடம் கேட்பது?
ஓயாமல் எரிந்தாலோ,
அந்த அலறல் எட்டாத தூரத்திலா
என் தம்பிக்கு இடம் கொடுத்திருப்பார்கள்?
கோழி அறுக்கும்போதே காதைப் பொத்திக்கொள்கிறவன் அவன்.

அப்போது சரிந்தது,
தெற்குப் பக்கம், கனிராஜ் கிடக்கிற வரிசைப் பக்கம்.
இடுப்புவரை மண், சிவப்பாக, சுடச்சுட.
வலிக்கவில்லை.
கால் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

தூக்கிவிட்டார்கள். மறுபடி வெட்டினேன்.
நாலரை அடியில் நிறுத்து என்றது மண்வெட்டி.
யாரும் இறங்கி அளக்கப் போவதில்லை.
நாய் தோண்டினால் தோண்டட்டும்.
ஆறடி போனேன்.
இரக்கமா, பழக்கமா, கேட்காதீர்கள்.

நாலு மணிக்கு ஐயர் வந்து வாசித்தார்.
மகன் ஒரு கைப்பிடி மண் போட்டான்.
அவன் முகத்தில் அழுகை இல்லை,
வர மாட்டேன் என்கிறதே என்ற பயம் இருந்தது.

ராத்திரி அடக்கப் பதிவேடு.
பெயர், வயது, நோய், தேதி.
எங்கே போனார் என்பதற்கு
வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கட்டம் இல்லை.
கடைசியில் மட்டும், குறிப்பு என்று
விரல்கடை அகலத்தில் ஓர் இடம்.
கனிராஜின் வரியில் அது காலி.
இவன் வரியில் எழுதினேன்:
மண் சரிந்தது. இரண்டு முறை தோண்டினேன்.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
பழக்கத்தில் கை விறகைத் தேடியது.
இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.