மேடேறும் பெல்ட்

கிரைண்டர் மோட்டார் நிமிடத்துக்கு
ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.
எனக்கு வேண்டியது முப்பது.
மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று
தங்கச்சிமடம் கடைத்தெருவில் யாருக்கும் தெரியவில்லை,
கிரைண்டர் பழுது பார்க்கும் உதுமானைத் தவிர.
தெரியும் என்று அவனும் சொல்லவில்லை.
சிமெண்ட் தரையில் கரிக்கட்டையால் எழுதினான்:
மோட்டாரில் ரெண்டு அங்குலம்,
சைக்கிள் ரிம் இருபத்து நாலு. நூற்றிருபதாச்சு.
அதே அச்சில் அஞ்சு அங்குல மரக்கட்டை,
அங்கிருந்து இருபது அங்குல நீலப் பீப்பாய்க்கு.
முப்பது.
கரிக்கணக்கில் பெல்ட் அறுவதில்லை.

பீப்பாய் முழுக்க ஓட்டை போட்டது நான்,
பழுக்கக் காய்ச்சிய கம்பியால், மூன்று இரவு.
காய்ந்த பாசி உள்ளே உருளணும்
மணலும் சிப்பியும் ஓட்டை வழி உதிரணும்
அவ்வளவுதான் மெஷின்.
எதற்கு என்றால்,
பத்துக் கிலோ கஞ்சிப்பாசிக்கு
மூன்று கிலோ மணல் என்று வியாபாரி கழிக்கிறார்.
கண்ணாலேயே சலிக்கிறவர்.

சின்னப் பக்கத்துக்கு டியூப் போதுமாயிருந்தது.
பீப்பாய்ப் பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது.
முதலில் லாரி டியூப், வட்டமாய் அறுத்தது.
காலையில் விறைப்பு. பதினொரு மணிக்கு மேல்
அது வேறு ஆள்.
அடுத்து மடிவலைக் கயிறு.
கட்டை சுற்றச் சுற்ற
கயிறு நின்று வேடிக்கை பார்த்தது.
மூன்றாவதைப் பற்றி உதுமான் பேசுவதில்லை.
அவன் இடது புருவம் இன்னும் முளைக்கவில்லை.

நாலாவது, ஐஸ் பிளாண்டில் கழித்துப்போட்ட கித்தான் பெல்ட்,
நாலு விரல் அகலம்.
வலை பொத்தும் ஊசியால் முனைகளைத் தைத்தேன்,
முடிச்சு வெளிப்பக்கம்.
தையல் கட்டையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு டக்.
நிமிடத்துக்குப் பத்தொன்பது டக் வந்தால்
பீப்பாய் முப்பது சுற்றுகிறது என்று அர்த்தம்.
பதினேழு வந்தது.
ரெண்டு டக் வழியில் நழுவியிருக்கிறது.

செயின் போடுங்க மதினி, நழுவாது என்றான்
கொழுந்தன் மிக்கேல்.
செயினுக்குப் பணம் யார் போடுவது என்று
சொல்லாமல் போனான்.

நழுவுவது கூடப் பரவாயில்லை,
கட்டையின் ஓரத்துக்கு நடந்து போய் விழுந்தது பெல்ட்.
ரெண்டு ஓரத்திலும் வரப்பு வைத்தோம்.
வரப்பின் மேல் ஏறி விழுந்தது.
மூன்றாம் தடவை, குனிந்து
மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தேன்.
இது சறுக்கவில்லை உதுமான், ஏறுது.
தண்ணீர் பள்ளம் பார்க்கும், மணல் பள்ளம் பார்க்கும்,
இது ஒன்று மட்டும்
எங்கே மேடு என்று தேடுது.
அப்படியென்றால் மேட்டை நடுவில் வை
என்று அவன் சொன்னானா நான் சொன்னேனா
இப்போது ரெண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

வரப்பைச் செதுக்கி எறிந்தோம்.
பாசி பறிக்கக் கடலுக்குள் இறங்குமுன்
பார் கிழிக்காமல் விரலில் சுற்றும் துணி,
அதைக் கட்டையின் நடுவில்
பசை தடவி ஐந்து சுற்று சுற்றினேன்.
கட்டைக்கும் காயம்பட்ட விரல் மாதிரி ஆயிற்று.
பெல்ட் வந்து
நடுவில் உட்கார்ந்தது.
எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் சாக்கில் முஷ்டியளவு பவளக்கல்
பீப்பாய்க்கும் சட்டத்துக்கும் இடையில் மாட்டியது.
பீப்பாய் நின்றது. மோட்டார் நிற்கவில்லை.
பெல்ட் கிறீச்சிட்டு, புகைந்து,
நின்ற பீப்பாயின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருந்தது
உதுமான் சுவிட்சுக்கு ஓடும்வரை.
அந்த நேரம் என் கை எங்கே இருந்தது என்று
வீட்டில் சொல்லவில்லை.
மிக்கேலிடம் செயினைப் பற்றிச் சொன்னேன்,
கையைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்புறம் பத்துக் கிலோ நிறுத்துப் போட்டோம்.
கீழே விரித்த சாக்கில் விழுந்ததை அள்ளி நிறுத்தோம்.
ஒன்றே முக்கால்.
தராசு சரியில்லை என்று
மீன் கம்பெனித் தராசு வாங்கி வந்தான் உதுமான்.
ஒன்றே முக்கால்.

பதினாலு வருசமாக இவருக்குத்தான் போடுகிறேன்.
கரிக்கட்டை அவன் கையில் இருந்தது.
அவனும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்திரி ஈரத்தில் கித்தான் இறுகும் என்று
பெல்ட்டைக் கழற்றி
உள்ளே ஆணியில் மாட்டினேன்.
தையலில் ஒரு இழை விட்டிருக்கிறது.
வியாபாரி வண்டி வெள்ளிக்கிழமை.